ஆய்விதழின் தரம் எதில் இருக்கிறது?

2004 டிசம்பர் 26 காலையில் கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் கடல்நீர் பம்ப் ஹவுசுக்குள் சுனாமி அலை புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. பக்கத்தில் அந்த ஆண்டுதான் கட்டத் தொடங்கியிருந்த ஈனுலையின் அடித்தளப் பள்ளத்தில் கடல்நீர் நிரம்பியது. இப்படியோர் அலை இந்தக் கரைக்கு முன்பும் வந்திருக்கிறதா, வந்திருந்தால் எத்தனை நூற்றாண்டுக்கு ஒருமுறை என்ற கேள்விக்கு அன்று உயிர் வந்தது. உலையைச் சுற்றி எவ்வளவு உயரத்துக்குத் தடுப்பு வேண்டும், மீனவக் குப்பங்களின் வீடுகளைக் கரையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்டலாம் என்பதெல்லாம் அந்த விடையைப் பொறுத்தவை. வடக்கே சிறிது தொலைவில், மாமல்லபுரக் கரையில், அதே அலை மணலை அரித்துப் பழைய கல்வெட்டுப் பாறைகளை வெளிக்காட்டியது. அதைத் தொடர்ந்து சாளுவன்குப்பத்தில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது ஒரு பழைய முருகன் கோயிலின் அடித்தளம் வெளிப்பட்டது. நிலநடுக்க ஆய்வாளர்கள் சி.பி.ராஜேந்திரன், குசலா ராஜேந்திரன், தொல்லியல் துறையின் தி.சத்தியமூர்த்தி உள்ளிட்டோர் இந்தக் கரையின் மண்ணடுக்குகளில் பழங்காலக் கடற்பெருக்கின் தடயங்களைக் கண்டதாக 2006இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அது வெளிவந்த இடம் பெங்களூரிலிருந்து வரும் 'கரன்ட் சயன்ஸ்' ஆய்விதழ்.

அந்தக் கட்டுரையை நாம் நம்பலாமா? மண்ணடுக்கைத் தோண்டிப் பார்க்கவோ அதன் வயதைக் கணிக்கவோ நம்மால் முடியாது. பொறியாளருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும்கூட முடியாது. நமக்காக அந்தச் சோதனையைச் செய்வதாக வாக்குக் கொடுப்பதுதான் ஆய்விதழ். வந்த கட்டுரையை ஆசிரியர் அதே துறையின் இரண்டு மூன்று பேருக்கு அனுப்புவார். அவர்கள் கூலியில்லாமல் படித்து, எந்த முடிவுக்குச் சான்று போதவில்லை, எங்கே வேறு விளக்கம் இருக்கலாம் என்று எழுதித் தருவார்கள். எழுதியவர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். பிறகுதான் அச்சு. இந்த வேலை உண்மையாக நடக்கிறதா என்பதே இதழின் தரத்தைப் பற்றிய முதல் கேள்வி. வாசகருக்குத் தெரியாமல் உள்ளே நடப்பது இது. வெளியிலிருந்து தெரியாத ஒன்றை எப்படி அளப்பது என்ற சங்கடத்துக்கு உலகம் கண்டுபிடித்த சுருக்குவழி, எண்.

அந்த எண்ணின் பெயர் இம்பாக்ட் ஃபேக்டர். ஓர் இதழ் கடந்த இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளை இந்த ஆண்டு மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று கூட்டி, கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் அது கிடைக்கும். அமெரிக்கத் தகவலியலாளர் யூஜின் கார்ஃபீல்ட் 1955இல் முன்வைத்த யோசனையிலிருந்து வளர்ந்தது. நூலகத்துக்கு எந்த இதழ்களை வாங்குவது என்று தேர்ந்தெடுக்க அது உதவியது. இன்று அது மனிதர்களை அளக்கிறது. வண்டலூர், காட்டாங்குளத்தூர், கேளம்பாக்கம், படூர், களவாக்கம் என்று கல்பாக்கம் உள்ள செங்கல்பட்டு மாவட்டத்தில் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் பொறியியல், மருத்துவக் கல்லூரிகளும் நெருங்கி நிற்கின்றன. அங்கே வேலைக்குச் சேரும் உதவிப் பேராசிரியரிடம் கேட்கப்படுவது என்ன கண்டுபிடித்தீர்கள் என்பதைவிட, எத்தனை பேப்பர், ஸ்கோப்பஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் எத்தனை, இம்பாக்ட் ஃபேக்டர் எவ்வளவு என்பதுதான். இந்தப் பழக்கம் செங்கல்பட்டுக்கு மட்டும் உரியதும் இல்லை. நாடு முழுவதும், பல நாடுகளிலும் இதுவே நடைமுறை.

இதழின் சராசரி, அதில் வந்த தனிக் கட்டுரையைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்லும். 2005இல் 'நேச்சர்' இதழ் தன் எண்ணைத் தானே பிரித்துப் பார்த்தது. அதன் மேற்கோள்களில் 89 சதவீதம் வெறும் 25 சதவீதக் கட்டுரைகளிலிருந்து வந்திருந்தது. மற்ற முக்கால்வாசிக் கட்டுரைகள் அந்தச் சிலவற்றின் பெயரால் உயர்ந்து நிற்கின்றன. துறைக்குத் துறை மேற்கோள் வழக்கமும் வேறு. உயிரணு ஆய்வில் ஆயிரக்கணக்கானோர் ஒரே பொருளில் எழுதுகிறார்கள், பழங்காலச் சுனாமித் தடயங்களைத் தேடுபவர்கள் உலகெங்கும் சேர்ந்தே கொஞ்சம் பேர்தான். சர் சி.வி.ராமனின் ஈடுபாட்டோடு 1932இல் தொடங்கிய கரன்ட் சயன்ஸின் இம்பாக்ட் ஃபேக்டர் ஒன்றைச் சுற்றியே நிற்பது. கல்பாக்கம் கரைக்கு வேண்டிய அறிவு அதில்தான் வந்தது. தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மாமல்லபுரத்துக் கடலுக்கடியில் கண்ட கட்டுமான எச்சங்களைப் பற்றி 2004 மே மாதம் எழுதியதும் அதே இதழில்தான். எண்ணை மட்டும் பார்க்கும் தேர்வுக்குழுவுக்கு இவை இரண்டும் அற்பமாகத் தெரியும்.

இரண்டு ஆண்டு என்ற காலக்கெடு இன்னும் பெரிய குறை. மாமல்லபுரத்துக் குடைவரைகளையும் ரதங்களையும் யார் செய்வித்தது என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். பல்லவ மன்னர்கள் மகேந்திரவர்மன், மாமல்லன் நரசிம்மவர்மன், பரமேசுவரன், ராஜசிம்மன் என்று தலைமுறை தலைமுறையாக அவை உருவாயின என்பதே ஏற்கப்பட்டிருந்த கருத்து. தொல்லியல் அறிஞர் இரா.நாகசாமி 1962இல் எழுதிய ஒரு கட்டுரையில், கல்வெட்டுகளையும் சிற்ப நடையையும் வைத்து, எல்லாமே ராஜசிம்மனின் ஆக்கம் என்று வாதிட்டார். அது வெளிவந்தது தென்னிந்தியத் தொல்லியல் கழகம் என்ற சிறிய அமைப்பின் ஆய்வு வெளியீட்டில். பலர் அதை மறுத்தார்கள், சிலர் ஏற்றார்கள், இன்னும் விவாதம் ஓயவில்லை. மாமல்லபுரத்தைப் பற்றி எழுத வரும் எவரும் அந்தக் கட்டுரைக்குப் பதில் சொல்லாமல் கடக்க முடியாது. அறுபது ஆண்டு தாண்டியும் வேலை செய்யும் ஒரு கட்டுரையை இரண்டு ஆண்டு மேற்கோளால் அளக்கும் முறை, கலை, வரலாறு, மொழி ஆகியவற்றை மட்டம் தட்டவே உதவும். மதுரைத் தமிழ்ச் சங்கம் 1902இல் தொடங்கிய 'செந்தமிழ்', கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் 'தமிழ்ப் பொழில்' போன்ற இதழ்களை அத்தகைய எண் ஒருநாளும் பார்க்கப்போவதில்லை.

எண் வேண்டாம், நல்ல இதழ்களின் பட்டியல் ஒன்றை அரசே தரட்டும் என்று கேட்கத் தோன்றும். அதையும் நாம் செய்து பார்த்துவிட்டோம். பல்கலைக்கழக மானியக்குழு 2010இல் ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கு மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது. மதிப்பீட்டாளர் சரிபார்க்கும் இதழில் ஒரு கட்டுரைக்கு 15 புள்ளி. சரிபார்ப்பு இல்லாவிட்டாலும் ஐஎஸ்எஸ்என் எண் உள்ள பெயர்பெற்ற இதழ் என்றால் 10 புள்ளி. ஐஎஸ்எஸ்என் என்பது ஒரு தொடர் வெளியீட்டை அடையாளம் காண உதவும் எண்தான், சமையல் இதழுக்கும் அது கிடைக்கும். புள்ளிக்கு விலை வந்ததும் அதை விற்கக் கடைகள் திறந்தன. பணம் கட்டினால் சில நாளில் அச்சேற்றும் போலி ஆய்விதழ்கள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. ஷென், பியோர்க் என்ற இரு ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட கணக்கின்படி, 2010இல் உலகெங்கும் இத்தகைய இதழ்களில் வந்தவை சுமார் 53,000 கட்டுரைகள். 2014இல் சுமார் 4,20,000. அவற்றை எழுதியவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் இந்தியர்கள்.

இதைத் தடுக்க மானியக்குழு 2017இல் அங்கீகரித்த இதழ்களின் பட்டியலை வெளியிட்டது. அதில் ஒரு பகுதி பல்கலைக்கழகங்களின் பரிந்துரையால் சேர்ந்தது. அந்தப் பகுதியைப் புணேயில் பூஷண் பட்வர்தனும் உடனிருந்தோரும் ஆராய்ந்து 2018 மார்ச்சில் எழுதினார்கள். (அதுவும் கரன்ட் சயன்ஸில்தான் வந்தது.) பெரிய தரவுத்தளங்களில் இல்லாத 1,009 இதழ்களை எடுத்துப் பார்த்தபோது, 34.5 சதவீதத்துக்கு முகவரி, இணையதளம், ஆசிரியர் பெயர் போன்ற அடிப்படைத் தகவல்களே இல்லை அல்லது தவறு. இன்னும் 52.3 சதவீதம் பொய்யான ஐஎஸ்எஸ்என் எண், பொய்யான இம்பாக்ட் ஃபேக்டர் போன்றவற்றைக் காட்டின. 88 சதவீதத்துக்கு மேற்பட்டவை தரமற்றவையாக இருக்கக்கூடும் என்பது அவர்கள் முடிவு. அந்த ஆண்டு மே 2ஆம் தேதி மானியக்குழு 4,305 இதழ்களை நீக்கியது. 2019 ஜூனில் யூஜிசி கேர் என்ற புதிய பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதுவும் கைவிடப்பட்டது. இனிக் கல்லூரிகளும் ஆசிரியர்களும் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், வழிகாட்டும் அளவுகோல்கள் மட்டும் தரப்படும் என்று அறிவிக்கப்பட்டது. பட்டியலில் நுழைய முடிந்தவன் அதில் இருப்பான், தரம் அதோடு வர வேண்டும் என்பதில்லை என்பதை இந்தப் பதினைந்து ஆண்டு வரலாறு காட்டுகிறது.

பணம் வாங்கும் இதழெல்லாம் போலி என்று சிலர் ஒரே வெட்டாகத் தீர்ப்புச் சொல்கிறார்கள். அதுவும் தவறு. 2013இல் ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர், இல்லாத ஒரு புற்றுநோய் மருந்தைப் பற்றி வேண்டுமென்றே பிழைகளைப் புகுத்திய ஒரு கட்டுரையை, எழுத்தாளரிடம் கட்டணம் வாங்கும் 304 இதழ்களுக்கு அனுப்பினார். 'சயன்ஸ்' இதழ் அந்தச் சோதனையின் முடிவை வெளியிட்டபோது 157 இதழ்கள் அதை ஏற்றிருந்தன, 98 மறுத்திருந்தன. மறுத்தவற்றில் கட்டணம் வாங்கும் 'பிளாஸ் ஒன்' இதழும் உண்டு. கட்டுரையின் அறிவியல் தரம் போதாது என்று அது காரணம் சொன்னது. அதே பிளாஸ் குழுமத்தின் இன்னொரு இதழில் 2019இல் வந்த ஆய்வு நம் கரைக்கு நேரடியாகத் தொடர்புள்ளது. மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் உருவானது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சை அது எடுத்துத் தருகிறது. இந்தியாவின் பாம்புக்கடி மருந்தில் பெரும்பகுதி அதை நம்பியே உருவாகிறது. நாட்டின் வேறு பகுதிகளில் கடிக்கும், அதிகம் கவனிக்கப்படாத வேறு இனங்களின் நஞ்சை முறிக்க இந்த மருந்து போதவில்லை என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் கார்த்திக் சுனகர் குழுவினர் அந்த ஆய்வில் காட்டினார்கள். இப்படிப்பட்ட ஒரு முடிவு தப்பாக இருந்தால் உயிர் போகும், சரியாக இருந்து யாரும் பொருட்படுத்தாவிட்டாலும் உயிர் போகும். கட்டணம் வாங்கினார்களா என்று பார்ப்பது இங்கே எதற்கும் உதவாது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? தன் பக்கங்களில் வந்த தவறை ஓர் இதழ் என்ன செய்கிறது என்பதைத்தான் முதன்மையாகப் பார்க்க வேண்டும் என்பது என் வாதம். சுனாமிக்குப் பிறகு பரங்கிப்பேட்டைக் கரையின் 18 குப்பங்களைப் பற்றி கதிரேசன், ராஜேந்திரன் (முன்சொன்ன நிலநடுக்க ஆய்வாளர் அல்ல) இருவரும் 2005இல் எழுதினார்கள். அலையாத்திக் காடு உயிர்களைக் காப்பாற்றியது என்பது அவர்கள் முடிவு. அது வந்தது கழிமுகம், கடற்கரை ஆகியவற்றைப் பற்றிய ஓர் அனைத்துலக இதழில். மறு ஆண்டே அதே இதழ், கெர், பெயர்ட், கேம்பெல் மூவரின் மறுப்பை அச்சிட்டது. அதே புள்ளிவிவரத்தைத் திரும்பக் கணக்கிட்ட அவர்கள், உயிரிழப்பின் வேறுபாட்டில் பெரும்பகுதியைக் குப்பத்தின் உயரமும் கடலிலிருந்து அதன் தூரமுமே விளக்கிவிடுகின்றன, காட்டின் பங்கு மிகக் குறைவு என்றார்கள். அதற்குப் பின் வேறு புள்ளியியல் முறையில் கணக்கிட்டு, அலையாத்திக்கு ஆதரவாக மற்றொரு குழு எழுதியதையும் அந்த இதழ் வெளியிட்டது. யார் சரி என்பதைவிட இங்கே எனக்கு முக்கியம், மூல எண்கள் கட்டுரையில் திறந்து கிடந்ததால்தான் அடுத்தவர் கணக்குப் போட்டுப் பார்க்க முடிந்தது என்பது. முதலில் எழுதியவர்களுக்கு இதனால் இழுக்கு வரவில்லை. அவர்கள் வேலை சோதிக்கத்தக்க வேலையாக இருந்தது. போலி இதழில் வந்த கட்டுரையை யாரும் மறுத்து எழுதுவதே இல்லை, மறுத்தாலும் அச்சிட அங்கே ஆள் இல்லை.

இந்தச் சண்டை பண்டிதர்களுக்குள் முடியும் சண்டையும் அல்ல. மரம் அலையைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையெங்கும் சவுக்கு நடப்பட்டது. அலையாத்தியைப் பற்றிய முடிவைச் சவுக்குக்கும் பொருத்தியது போல் அது நடந்தது. வட தமிழகக் கரையில் உயர்அலைக் கோட்டை ஒட்டி நட்ட சவுக்கு, பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறிவரும் மணற்பரப்பைக் குறைக்கிறது என்று ஓர் ஆய்வறிக்கை 2009இல் எச்சரித்தது. அதை வெளியிட்ட அமைப்புகளில் முன்சொன்ன முதலைப் பண்ணையின் அறக்கட்டளையும் ஒன்று. இதே அறக்கட்டளை 'ஹமாட்ரியாட்' என்ற ஊர்வன ஆய்விதழையும் நடத்தியது. சிறு இதழ்தான். ஆனால் ஒரு பல்லிக்கோ பாம்புக்கோ முதன்முதலாக விளக்கம் எழுதிப் பெயர் வைத்த கட்டுரை எந்தச் சிறு இதழில் இருந்தாலும், விலங்குப் பெயரிடல் விதிகளின்படி முந்திய பெயருக்கே உரிமை. நூறு ஆண்டு கழித்து வரும் ஆய்வாளரும் அதைத் தேடிப் படித்தே ஆக வேண்டும்.

என் வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. ஒரு பணியிடத்துக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் வரும்போது யார் உட்கார்ந்து படிப்பது என்பது முதலாவது. எல்லாரையும் எல்லாவற்றையும் படிக்கச் சொல்லவில்லை. விண்ணப்பிப்பவர் தன் சிறந்த மூன்று கட்டுரைகளை மட்டும் தரட்டும். எண்ணிக்கைக்கு மதிப்பில்லை என்று அறிவித்த மறுநாளே முப்பது பேப்பர் போடும் ஓட்டம் தணிந்துவிடும், படிக்க வேண்டிய குவியலும் குறையும். 2022 நவம்பரில் மானியக்குழு, முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தருமுன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கியது சரியான திசையில் ஓர் அடி.

இரண்டாவது மறுப்பு எனக்கு அதிகம் கவலை தருவது. படித்து மதிப்பிடுவது என்றால் மனிதரின் கையில் விடுவது. நம் ஊரில் மனிதரின் கை சாதி பார்க்கும், வழிகாட்டி யார் என்று பார்க்கும், எந்த ஊர்க் கல்லூரி என்று பார்க்கும். எண்ணுக்கு முகம் தெரியாது, ஆகவே பின்புலம் இல்லாத மாணவருக்கு எண்ணே பாதுகாப்பு என்கிறார்கள். நியாயமான பயம். ஆனால் எண்ணும் முகம் பார்க்காமல் உருவாவதில்லை. மேற்கோளைத் திரட்டப் பணமும் கூட்டமும் உள்ள நிறுவனங்களால் முடியும். சென்னையில் ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரி, மாணவர்கள் தேர்வில் எழுதியவற்றைக் கட்டுரைகளாக்கி, தன் கல்லூரிக் கட்டுரைகளையே அவற்றில் பெருமளவில் மேற்கோள் காட்டித் தரவரிசையில் ஏறியதாக 2023 ஜூனில் சயன்ஸ் இதழ் ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. முன்சொன்ன 1,009 இதழ்களும் பல்கலைக்கழகங்களின் பரிந்துரை வழியாகத்தான் பட்டியலுக்குள் வந்தன. பாரபட்சம் எண்ணுக்குள் ஒளிந்துகொண்டால் அதைக் கேள்வி கேட்கக்கூட இடம் இருக்காது. காரணம் எழுதிக் கையெழுத்திட்ட மதிப்பீட்டை மேல்முறையீட்டில் எதிர்க்க முடியும்.

போலிகளை விட்டுவிடுவோம், பெரிய தரவுத்தளத்தில் உள்ள பெரிய பதிப்பகங்களை நம்பலாமே என்று மூன்றாவதாகச் சொல்வார்கள். வைலி நிறுவனம் 2021இல் வாங்கிய ஹிண்டாவி பதிப்பகத்தின் இதழ்களில் பல ஸ்கோப்பஸிலும் வெப் ஆஃப் சயன்ஸிலும் இருந்தவை, இம்பாக்ட் ஃபேக்டர் உள்ளவை. காசுக்குக் கட்டுரை தயாரித்துத் தரும் கூட்டங்கள் அவற்றின் சிறப்பிதழ்கள் வழியாக நுழைந்தன. 2023இல் மட்டும் அங்கே 8,000க்கும் அதிகமான கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. திரும்பப் பெற்றது நல்ல செயல், பல இதழ்கள் அதைச் செய்வதே இல்லை. ஆனால் இத்தனை ஆயிரம் உள்ளே வரும்வரை சரிபார்ப்பு எங்கே இருந்தது என்ற கேள்விக்குத் தரவுத்தளத்தின் முத்திரை பதில் சொல்லாது.

சிறு ஊர்க் கல்லூரி ஆசிரியருக்கு வழிகாட்ட ஆள் இல்லை, பட்டியல் போனபின் அவர்தான் ஏமாறுவார் என்பதும் உண்மை. அவருக்கு உதவி தேவை. இதழின் பழைய தொகுதிகளைப் புரட்டினால் மறுப்புக் கடிதமோ திருத்தமோ ஒன்றாவது இருக்கிறதா, ஆசிரியர் குழுவில் உள்ளவர்கள் தங்கள் பெயர் அங்கிருப்பதை அறிவார்களா, மூலத் தரவு கிடைக்கிறதா, கட்டுரை வந்த நாளுக்கும் ஏற்ற நாளுக்கும் இடையே நியாயமான அவகாசம் இருந்ததா என்பதைக் கல்லூரி நூலகர் ஒரு மாலை நேரத்தில் கண்டுபிடித்துச் சொல்ல முடியும். நூலகரை இந்த வேலைக்குப் பயன்படுத்தாத கல்லூரிகளே அதிகம்.

2025 பிப்ரவரிக்குப் பிறகு பொறுப்பு கல்லூரிகளின் தலையில் விழுந்திருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்தில் அதைச் செய்து காட்ட ஆட்கள் இருக்கிறார்கள். கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், சிறுசேரியில் சென்னைக் கணிதக் கழகம், முட்டுக்காட்டில் உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆய்வுக்களம், செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி எல்லாம் மாவட்டத்துக்குள்ளேயே உள்ளன. ஒரு கல்லூரியின் விண்ணப்பதாரர் தந்த மூன்று கட்டுரைகளை, அந்தக் கல்லூரியோடு தொடர்பில்லாத, அதே துறை அறிந்த ஒருவர் படித்து, கண்டுபிடிப்பு என்ன, சான்று தாங்குகிறதா, வெளியிட்ட இதழ் தன் வேலையைச் செய்ததா என்று ஒரு பக்கம் எழுதலாம். அந்தப் பக்கத்தைத் தேர்வானவருக்கும் தேர்வாகாதவருக்கும் கையில் கொடுக்க வேண்டும், பதில் எழுத இருவருக்கும் உரிமை வேண்டும்.